இரண்டு புள்ளி ஏழு டிகிரி

அத்தியாயம் ஆறு

"பாம் வெடித்ததுன்னு எழுதியிருக்கான் பாருங்க அக்கா, நம்ம ஸ்டேஷன் ரைட்டர். இதை டில்லியில எவனாவது படிச்சான்னா நாளைக்கே ஹெலிகாப்டர் வந்து இறங்கும்" என்றேன்.

ஸ்வராஜ்யம் அக்கா சிரிக்கவில்லை. இரானி டீயைச் சாஸரில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முதல் தகவல் அறிக்கையின் நகலை ஓரமாகத் தள்ளினார்.

"வாயை மூடிட்டு அடுத்த தாளை எடு போசம். மணி ஒண்ணு ஆகுது."

நாலு மணிக்கு விசாரணை. அதற்குள் எங்கள் கையில் ஏதாவது சிக்கவில்லை என்றால், ஓதெலு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக ஜெயிலுக்குப் போவான். கவனக்குறைவால் ஒரு உயிர் போகக் காரணமானவன் என்று கேஸ். அவன் மனைவி பூமக்கா முந்தாநாள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அழக்கூட இல்லை. "அவரு பொய் சொல்ல மாட்டாரு அக்கா. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் மேஸ்திரி ஆகியிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் நிலக்கரி ஊரில் 'பாம்' என்றால் யாரும் பயப்படமாட்டார்கள். அது லேபில் இருக்கும் ஒரு கனத்த எஃகுச் செம்பு. அதில் ஒரு கிராம் கரித்தூளை வைத்து, ஆக்ஸிஜனை அழுத்தி அடைத்து, மூடியைத் திருகி, தண்ணீருக்குள் இறக்கி, மின்சாரத்தால் பற்றவைப்பார்கள். தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறதோ அதை வைத்துக் கரியின் தரத்தைக் கணக்குப் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாம் நம்பர் செம்பின் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஸ்ரவந்தி என்ற இளம் கெமிஸ்ட் அங்கேயே செத்துப் போனாள். இருபத்தாறு வயசு. அவளை வெளியே இழுத்து வந்த அட்டெண்டர் ஓதெலுவுக்கு இரண்டு கையும் வெந்துபோயின.

ஓதெலு சொன்னது இது: "ரெண்டரை மணிக்குப் பெரிய கெமிஸ்ட் தொர எங்க ரூமுக்கு வந்தாரு. கூட்ஸ் வண்டி காத்துட்டு இருக்கு, இந்த சாம்பிளை உடனே ஓட்டுங்கன்னாரு. மேடம் மாட்டேன்னாங்க. அவரு கத்தினாரு."

பெரிய கெமிஸ்ட் புருஷோத்தம ராவ் சொன்னது வேறு: "நான் அந்த ரூம் பக்கமே போகலை. ஒண்ணேகாலிலிருந்து பக்கத்து ரூம்ல ஒண்ணாம் நம்பர் மெஷின்ல மூணு சாம்பிள் ஓட்டிட்டு இருந்தேன். என் நோட்டுப் புத்தகம் இருக்கு, பாத்துக்கோங்க. அந்தப் பொண்ணோட நோட்டுதான் எரிஞ்சு போச்சு."

அந்த மூன்று பக்கங்களின் ஜெராக்ஸ்தான் இப்போது டீக்கடை மேஜையில் கிடந்தது. எஸ்.ஐ. கொடுத்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அக்கா. முப்பத்திரண்டு வருஷம் காக்கி போட்டுவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறார். முழங்காலில் வலி உண்டு, ஞாபகத்தில் ஒரு குறையும் கிடையாது. நான் போசம். லாரி எடைமேடையில் பதினோரு வருஷம் இருந்து, வாய் சும்மா இராததால் துரத்தப்பட்டவன்.

"என்ன தெரியுது?" என்றார் அக்கா.

"நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பம் எழுதியிருக்கான். பதினஞ்சு வரி. கடைசியில கணக்கு. நாலாயிரத்து முன்னூத்தி முப்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி ஒரு கோடு. ஜெராக்ஸ் மெஷின்ல ஈ உக்காந்திருக்கும்."

"மூணு பக்கத்துலயுமா?"

திருப்பிப் பார்த்தேன். மூன்று விடைக்கு முன்னாலும் அந்தச் சின்னக் கோடு இருந்தது.

"ஒழுங்கான ஈ" என்றேன்.

"ஸ்கூட்டரை எடு" என்றார் அக்கா.

ஏரியா ஆஸ்பத்திரியில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மே மாத வெயில் சுவர் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓதெலுவின் கட்டிலருகே ஒரு கான்ஸ்டபிள் நாற்காலியில் தூங்கினான். பூமக்கா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைக் கட்டுக்குள் இருந்தன.

அக்கா முதல் பக்கத்தை மட்டும் அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். தாளின் மேல் ஓரத்தில் கட்டை விரலை அழுத்தி வைத்திருந்தார். எனக்கு அது அப்போதே உறுத்தியது. அக்கா தாளைப் பிடிக்கிற விதம் அதுவல்ல.

"இந்த ஒரு கோடு என்ன தம்பி?"

பார்த்ததும் ஓதெலுவின் உதடு கோணியது. "மைனஸ் அக்கா. இது மேடம் போடறது."

"பெரிய கெமிஸ்ட் கையெழுத்துடா இது" என்றேன்.

"கையெழுத்து அவருது. மைனஸ் மேடமோடது. எங்க லேப்ல வேற யாரும் மைனஸ் போடமாட்டாங்க. கரிக்கு இத்தனை கலோரின்னு சும்மா எழுதுவாங்க. மேடம் எம்.எஸ்ஸி. முடிச்சு நேரா வந்தவங்க. 'நாம கணக்குப் போடறது டெல்டா யூ, ஓதெலு. எரியறதுக்கு முன்னாடி உள்ள எவ்வளவு சக்தி இருந்துது, எரிஞ்ச பிறகு எவ்வளவு இருக்கு, அந்த வித்தியாசம். உள்ள இருந்தது வெளிய போயிடுச்சு, அதனால மைனஸ்'ம்பாங்க. பெரியவரு இதுக்காக எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்காரு தெரியுமா?"

"அந்தச் செம்பை எதுக்கு அவ்வளவு கெட்டியா மூடறீங்க?"

"விரியக் கூடாது அக்கா. விரிஞ்சா சக்தியில கொஞ்சம் அந்தத் தள்ளுற வேலைக்குப் போயிடும், கணக்கு பிசகிடும். இது இம்மியும் அசையாது. வேலை ஒண்ணும் செய்யாது. அதனால உள்ள குறைஞ்ச சக்தி பூராவும் சூடாவே தண்ணிக்கு வந்துடும்."

"வேலை ஒண்ணும் செய்யாது, சூடு மட்டும் வரும். எங்க பழைய மேனேஜர் மாதிரி" என்றேன்.

ஓதெலுவுக்குச் சிரிப்பு வந்து, உடனே நின்றுபோனது. சிரித்ததே தப்பு என்று நினைத்தவன்போலச் சுவரைப் பார்த்தான்.

"வெப்பம் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாரு" என்றார் அக்கா.

"ரெண்டு புள்ளி ஏழு" என்று படித்தவன் தலையைத் தூக்கினான். "இது கரி இல்ல அக்கா."

"கரின்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதட்டும். இருவது வருஷமா தெர்மாமீட்டர் பாக்கறேன். நம்ம மண்ணுக் கரி ஒரு கிராம் போட்டா ஒண்ணே முக்கால் ஏறும். ரொம்ப நல்ல கரின்னா ஒண்ணு புள்ளி எட்டு. ரெண்டைத் தாண்டினதே கிடையாது. ரெண்டு புள்ளி ஏழுன்னா வெள்ளை மாத்திரை. பென்ஸாயிக் ஆசிட். தினம் காலையில மெஷின் சரியா இருக்கான்னு பாக்க அதைத்தான் முதல்ல எரிப்போம். ரெண்டாம் நம்பர் மெஷின்ல அது எப்பவும் ரெண்டு புள்ளி ஏழு. சூரியன் உதிக்கற மாதிரி."

"சரி. அந்த மாத்திரையே ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு காட்டினா?"

"குறையாது. குறைஞ்சா எங்கயோ காத்து கசியுது, மூடியில கோளாறுன்னு அர்த்தம். மெஷினை அன்னைக்கே மூடிடணும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றார் அக்கா. மற்ற இரண்டு பக்கங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தார். "செவ்வாய்க்கிழமை காலையில மாத்திரை எரிச்சப்ப நீ இருந்தியா?"

"இல்ல, நான் ரெண்டாவது சுரங்கத்துக்கு சாம்பிள் எடுக்கப் போயிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தேன்."  பிறகு யாரிடமோ முறையிடுவதுபோலச் சொன்னான். "ஆறு மாசத்துல ஒரு தடவை கூட மேடம் என்னை அதட்டினதில்ல அக்கா. கடைசியா அதட்டினாங்க. தொர கத்திட்டுப் போனதும், மூடியைத் திருகினாங்க. நான்தான் எப்பவும் சுவிட்ச் போடுவேன். 'இங்க நிக்காதே, போய் ஐஸ் கொண்டா, போ'ன்னு விரட்டினாங்க. தண்ணியைக் குளிர வைக்கற ஐஸ் வாளி நிறைஞ்சு இருந்துது. இருக்கே மேடம்னேன். 'சொன்னா கேக்க மாட்டியா'ன்னு கத்தினாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்னு இன்னும் தெரியல."

அக்கா பையைத் தோளில் மாட்டினார். பூமக்காவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே நடந்தார். படியில் இறங்கும்போது அவர் முகம் கறுத்திருந்தது. எனக்கு ஒரு ஜோக் வந்தது, அதை விழுங்கிவிட்டேன்.

விசாரணை லேப் மாடியில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி ஜோகேந்தர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், எதையும் எழுதிக்கொண்டே கேட்பவர். பக்கத்தில் எஸ்.ஐ. எதிரில் புருஷோத்தம ராவ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்று பேனா வைத்திருப்பவனை நான் எடைமேடைக் காலத்திலிருந்தே நம்புவதில்லை.

"இந்த அம்மா யார்?" என்றார் ராவ்.

"ஓதெலு சார்பா வந்திருக்காங்க. கேக்கட்டும்" என்றார் ஜோகேந்தர்.

அக்கா கைகூப்பினார். "எனக்கு இன்டர் பரீட்சையில கெமிஸ்ட்ரி மூணு தடவை போச்சு தொர. நீங்கதான் பொறுமையா சொல்லித் தரணும். இந்தப் பக்கம் நீங்க எழுதினதா?"

"என் கையெழுத்தே சொல்லும்."

"எரிச்சது?"

"கூட்ஸ் வண்டிக் கரி. அம்பத்தொன்பது வேகன்."

"ரெண்டு புள்ளி ஏழு டிகிரி ஏறியிருக்கு. நம்ம ஊர்க் கரி ரெண்டைத் தாண்டாதுன்னு ஓதெலு சொல்றான். இது வெள்ளை மாத்திரையோட அளவுங்கறான்."

ஜோகேந்தரின் பேனா நின்றது. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அடித்தோம் என்று நினைத்தேன்.

ராவ் வாய்விட்டுச் சிரித்தார். "அட்டெண்டர் கிட்ட தெர்மோடைனமிக்ஸ் படிச்சா இப்படித்தான் ஆகும். அவன் சொல்றது ஒரு கிராமுக்கு. எடை எங்க எழுதியிருக்குன்னு பாருங்கம்மா. மேல, ஓரத்துல."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். அவர் விரலால் மூடியிருந்த இடம் அது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் எது புரிந்தது என்று புரியவில்லை.

"ஒண்ணு புள்ளி அஞ்சு" என்று படித்தார் அக்கா.

"ஒன்றரை கிராம். ஒண்ணரை மடங்கு கரி, ஒண்ணரை மடங்கு சூடு. மெஷினோட வெப்ப எண்ணால பெருக்கி எடையால வகுத்தா நாலாயிரத்து முன்னூறு சொச்சம். நம்ம கரிதான். போதுமா?"

ஜோகேந்தர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். "சரியாத்தான் வருது."

 எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தான். ஓதெலுவைக் கூட்டிப் போக வேன் கீழே நின்றுகொண்டிருந்தது, வரும்போதே பார்த்தேன்.

"ஓஹோ" என்றார் அக்கா. "அப்ப மூணு தடவையும் ஒன்றரை கிராமா?"

"மூணு தடவையும்."

"செம்புக்கு ஒண்ணும் ஆகலையா?"

"என்ன ஆகும்? கெட்டியான எஃகு. இந்தக் கரியில ஒன்றரை என்ன, அதுக்கு மேலயும் தாங்கும். பழக்கப்பட்ட கைக்கு இதெல்லாம் சாதாரணம்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "சார், தொர புதன்கிழமை எழுதிக் கொடுத்த வாக்குமூலம் உங்க ஃபைல்ல இருக்கும். மூணாவது பாராவைக் கொஞ்சம் சத்தமா படிக்கறீங்களா?"

ஜோகேந்தர் தாளைப் புரட்டினார். படிக்கும்போதே அவர் குரல் மெதுவானது. "விதிப்படி ஒரு கிராமுக்கு மேல் வைக்கக் கூடாது. அட்டெண்டர் ஓதெலு அஜாக்கிரதையாக ஒன்றரை கிராம் கரி வைத்ததால் அழுத்தம் தாங்காமல் கலம் வெடித்தது."

 கீழே வேனில் எவனோ ரேடியோ வைத்திருந்தான்.

"அதே கரி, அதே ஒன்றரை கிராம்" என்றார் அக்கா. "உங்க கையில மூணு தடவை தாங்குச்சு. ஓதெலு கையில ஒரு தடவைகூடத் தாங்கலை. ரெண்டுல எது பொய்யின்னு நீங்களே சொல்லிடுங்க தொர. நோட்டு பொய்யின்னா, நீங்க ஒண்ணாம் நம்பர் ரூம்ல இல்ல. வாக்குமூலம் பொய்யின்னா, ஓதெலு மேல கேஸே இல்ல."

"இது... எடை எழுதறதுல பிழை இருக்கலாம்..."

"எடை பிழைன்னா இது கரியே இல்ல. நீங்கதான் இப்ப வகுத்துக் காட்டினீங்க."

ராவ் ஜோகேந்தரைப் பார்த்தார். ஜோகேந்தர் அவரைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த ஒரிஜினல் நோட்டை இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மைனஸைத் தேடறீங்களா சார்?" என்றேன், அதற்கு மேல் வாயை அடக்க முடியாமல். "இந்த மூணு பக்கத்துல மட்டும்தான் இருக்கும். ஸ்ரவந்தி அம்மாவோட மைனஸ்."

"நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுற வெப்பத்தைக் கையால ஜோடிக்கறது கஷ்டம்" என்றார் அக்கா. "அதனால அந்தப் பொண்ணு காலையில ரெண்டாம் நம்பர்ல எரிச்ச மூணு மாத்திரைக் கணக்கை அப்படியே பாத்து எழுதிட்டீங்க. மெஷினோட வெப்ப எண்ணை ஒண்ணாம் நம்பரோடதா மாத்தினீங்க. மாத்திரையைக் கரியாக் காட்ட எடையை ஒன்றரை ஆக்கினீங்க. மைனஸை மாத்த மறந்துட்டீங்க. அவ நோட்டு எரிஞ்சு போச்சுன்னீங்களே, எங்க எரிஞ்சது?"

அக்கா ஜோகேந்தர் பக்கம் திரும்பினார்.

"அவ எதுக்கு மூணு மாத்திரை எரிச்சா சார்? தினம் ஒண்ணு போதுமாம். முதல்ல ரெண்டு புள்ளி ஏழு. அடுத்தது ரெண்டு புள்ளி ஆறு ஆறு. அடுத்தது ரெண்டு புள்ளி ஆறு ஒண்ணு. குறைஞ்சுட்டே போச்சு. மூடி கசியுது, மெஷினை மூடணும்னு இவர்கிட்ட வந்து சொல்லியிருக்கா. இவர் ரெண்டரை மணிக்குப் போய் ஓட்டச் சொல்லியிருக்கார்."

புருஷோத்தம ராவ் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, பார்த்து, திரும்பச் செருகினார். "வண்டியை நிறுத்த முடியாதுன்னு மேல இருந்து போன் மேல போன்" என்றார். அவர் குரல் தேய்ந்திருந்தது. "ஒரே ஒரு தடவைதான் ஓட்டச் சொன்னேன். ஒண்ணாம் நம்பர் அன்னைக்கு வேலையே செய்யல. ஒரே ஒரு தடவை."

ஜோகேந்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தான்.

ஜெயித்தால் எனக்குப் பசி எடுக்கும். அன்று எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது கேட்டேன், "எடையை முதல்லயே பாத்துட்டீங்க. ஓதெலு கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"அதைப் பாத்தா ஒன்றரை கிராம் கரியா இருக்குமோன்னு அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். அவன் கண்ணு மட்டும் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்."

"மத்த ரெண்டு பக்கம்?"

"அதை அவன் பாக்க வேண்டாம். வண்டியை ஓட்டு" என்றார் அக்கா.

கட்டிலருகே நாற்காலி காலியாக இருந்தது. கான்ஸ்டபிள் போய்விட்டான். பூமக்கா எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூன்று நாளாகத் தேக்கி வைத்திருந்ததை ஒரேயடியாக அழுது தீர்த்தாள். நான் நடந்ததை நடித்தே காட்டினேன், மூன்று பேனா உட்பட. ஓதெலு கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

"மூணு மாத்திரை எரிச்சாங்களா?" என்றான்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மறைக்க நினைத்ததை என் வாய் கொட்டிவிட்டது.

"மூணாவது எவ்வளவு வந்துது அக்கா?"

"விடு தம்பி."

"சொல்லுங்க."

"ரெண்டு புள்ளி ஆறு ஒண்ணு."

ஓதெலு கண்ணை மூடினான். இருபது வருஷம் தெர்மாமீட்டர் பார்த்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப மேடத்துக்குத் தெரியும்" என்றான். "அந்த மூடி தாங்காமப் போகலாம்னு தெரிஞ்சுதான் திருகியிருக்காங்க. சுவிட்ச் நான்தானே போடுவேன். வாளி நிறைய ஐஸ் இருந்துது அக்கா. நிறைய இருந்துது."

"ஆமா" என்றார் அக்கா. "அவ உன் மேல கோவப்படலை."

அவன் கன்னத்தில் வழிந்தது கழுத்து வரை போனது. துடைக்கக் கையைத் தூக்கினான். வெள்ளைக் கட்டு பாதி வழியில் நின்றது.

"போசம்" என்றான். "கண்ணைக் கொஞ்சம் துடைச்சு விடுடா."

தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்துத் துடைத்துவிட்டேன். திரும்ப வந்தது. திரும்பவும் துடைத்தேன்.